இரண்டு ரகசியங்களும் ஒரு மலையும்



போன ஞாயிற்றுக்கிழமை நாகல் நகரில் ஒரு தோழரின் வீட்டு மொட்டை மாடியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். எடுத்துக்கொண்ட நூல் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’. பேச்சு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் குறுக்கிட்டார்.

“தோழர், புருசன் பொண்டாட்டிக்குப் புள்ள இல்ல. ரெண்டு வீட்டுப் பெருசுங்களும் சேந்து ரகசியமா ஒரு முடிவு எடுக்குதுங்க. காளியும் கவுண்டர், பொன்னாவும் கவுண்டர். இது அவுங்க வீட்டுக் கதை. இதுல நமக்கு என்ன இருக்கு?”

நியாயமான கேள்வி. அன்றைக்கு மாடியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. வீட்டுக்கு வந்து நாவலை மறுபடி படித்தேன். அந்தத் தம்பிக்கும், அதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இப்போது எழுதுகிறேன்.

நாவல் 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கதை நடப்பது வெள்ளைக்காரன் காலத்துத் திருச்செங்கோட்டுப் பகுதியில். காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒருவர் மேல் ஒருவருக்குக் குறையாத ஆசை. ஆனால் குழந்தை இல்லை. ஊர் குத்திக் காட்டுகிறது. பங்காளிகளின் கண் காட்டின் மேல் இருக்கிறது. காளியை இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அவனுக்கு மனம் இல்லை. திருச்செங்கோட்டு மலைக்கோயில் தேர்த்திருவிழாவில், சாமி மலையேறும் பதினான்காம் நாள் இரவு, குழந்தையில்லாத பெண் முகம் தெரியாத ஆணோடு சேரலாம், பிறக்கும் பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை என்ற வழக்கம் நாவலில் வருகிறது. பொன்னாவை அங்கே அனுப்ப இரண்டு வீட்டாரும் முடிவு செய்கிறார்கள். காளி சம்மதிக்கவில்லை. அவன் சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் பொய் சொல்லி அனுப்புகிறார்கள். காளியை அவள் அண்ணன் முத்துவே குடிக்க அழைத்துப் போய்விடுகிறான்.

நான்கு ஆண்டுகள் இந்த நாவல் அமைதியாக வாசிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9 அன்று ஊர் கடையடைத்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூலைத் தடை செய்ய மறுத்தது. அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவரை மறுபடி எழுதச் சொன்னது.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். ‘கருத்துச் சுதந்திரம் வென்றது’ என்று முற்போக்காளர்கள் கணக்கை முடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை. எரித்தவர்கள் எதற்காக எரித்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

நாவலைக் கவனமாகப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் இரண்டு ரகசியங்கள் இருக்கின்றன.

முதல் ரகசியம் முன்னோர் காலத்தது. காளியின் மூதாதை சம்பந்தப்பட்ட ஒரு கூட்டம், காட்டில் ஒரு பழங்குடிப் பெண்ணைச் சூழ்ந்து வன்கொடுமை செய்தது. அந்தப் பாவம்தான் பிள்ளையில்லாமல் போகும் சாபமாகக் குடும்பத்தைத் துரத்துகிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பரிகாரம் தேடிப் போகிறார்கள். இரண்டாவது ரகசியம் பதினான்காம் நாள் இரவு.

இந்த இரண்டில் எதற்காகப் புத்தகம் எரிந்தது? எங்கள் பாட்டன் பூட்டன் பழங்குடிப் பெண்ணைச் சீரழித்ததாக எழுதிவிட்டான் என்று யாராவது கடையடைத்தார்களா? அதற்காக யாராவது மனம் புண்பட்டார்களா? இல்லை. அந்தப் பக்கங்கள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. நிலம் வைத்திருந்தவன் நிலமில்லாதவள் உடம்பில் கை வைப்பது கிராமத்தில் செய்தியே கிடையாது. எத்தனை களத்துமேடுகளில், எத்தனை கரும்புக் காடுகளில் நம் பாட்டிமார் அதைச் சுமந்தார்கள்! அதற்கு ஒரு பரிகாரப் பூசை போதும் என்று குடும்பங்கள் நினைத்தன. நம் ஆட்களிடம் அந்தப் பரிகாரத்தைக்கூட யாரும் கேட்டுச் செய்ததில்லை.

புண்பட்டது இரண்டாவது ரகசியத்துக்கு. “எங்கள் பெண்களை இழிவுபடுத்திவிட்டான்” என்றார்கள். அந்தப் பேச்சின் உள்ளே இருப்பது என்ன? திருவிழாக் கூட்டத்தில் ஆணின் சாதி தெரியாது. காளியைக் குடைவதும் அதுதான். வருகிறவன் தீண்டத்தகாதவனாகவும் இருக்கலாமே என்று அவன் நினைக்கிறான். நாவலில் நாம் வருகிற இடம் அதுதான், தம்பி. நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே! ஒரு சாதிக்காரனின் அச்சத்துக்குள் முகமில்லாமல் நிற்கிறவன் நீங்கள்தான்.

இதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அதே எழுத்தாளர், அதே கொங்கு மண். 2013இல் வந்த ‘பூக்குழி’. குமரேசன் வேறு சாதிப் பெண்ணான சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்கு அழைத்து வருகிறான். அவள் சாதியை வெளியே சொல்லாமல் மறைக்கிறான். அதுவும் ஒரு குடும்ப ரகசியம்தான். முடிவில் அவள் ஒளிந்திருக்கும் புதருக்கு ஊர் தீ வைக்கிறது. தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல் அது. 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதையும், 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை.

‘பூக்குழி’க்கு எதிராக எந்தக் கடைவீதியும் அடைக்கப்படவில்லை. ஊரே கூடி ஒரு பெண்ணை எரிக்கிறது என்று எழுதினால் சாதிக்கு இழிவு இல்லை. சாதிக்குள் இன்னொருவன் ரத்தம் கலந்திருக்கலாம் என்று எழுதினால் மட்டும் இழிவு! கொலைகாரர்கள் என்ற பெயரைத் தாங்கிக்கொள்வார்கள். கலந்தவர்கள் என்ற பெயரைத் தாங்கமாட்டார்கள். சாதி எதில் உயிர் வைத்திருக்கிறது என்பதை இந்த இரண்டு நாவல்களுக்குக் கிடைத்த வரவேற்பே காட்டிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை நம் வட்டத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறோம். சாதியின் சாரம் அகமணம் என்று நிறுவினார். சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் அகமணத்தைக் காப்பதற்குக் கண்டுபிடித்த வழிகள் என்றார். பெண்ணின் உடலுக்குப் பூட்டுப் போடாமல் சாதி ஒரு தலைமுறைகூடத் தாண்டாது. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். ஆனால் எந்தப் பட்டறையிலும் செய்யாத பூட்டு இது.

‘எங்கள் பண்பாட்டில் இப்படியெல்லாம் இல்லை’ என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். மகாபாரதத்தைக் கோயில் கோயிலாகக் கதை சொல்கிறீர்களே, பாண்டவர் குலம் எப்படித் தழைத்தது? விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் செத்தான். அவன் தாய் சத்தியவதி, மீனவப் பெண், தன் மூத்த மகன் வியாசனை வரவழைத்தாள். அம்பிகைக்குத் திருதராட்டிரன், அம்பாலிகைக்குப் பாண்டு, பணிப்பெண்ணுக்கு விதுரன். மூவருக்கும் தகப்பன் ஒருவன்தான். அரசியர் பெற்ற இருவருக்கும் சிம்மாசனம். பணிப்பெண் பெற்றவனுக்கு யோசனை சொல்லும் வேலை. ரத்தம்தான் முக்கியமென்றால் விதுரனுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டுமே! அம்பிகையிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. மாமியார் முடிவு செய்தாள், மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். இதைப் புனிதக் கதை என்று வணங்குகிறவர்கள், பொன்னாவின் கதையைக் கொளுத்தினார்கள். காவியத்தில் நடந்தால் தர்மம், பக்கத்து வீட்டில் நடந்ததாக எழுதினால் அவமானம்.

இனி அந்த மலைக்கு வருவோம்.

நாவல் எரிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னோடு படித்த கவுண்டர் சமூகப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். அதே மலை. அதே சாமி. பேசிக்கொண்டிருந்தவர்களைப் பிரித்து, கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான உடல் கிடந்தது. தற்கொலை என்று நம்பவைக்க எல்லா ஏற்பாடும் நடந்திருந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவையின் யுவராஜ் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

புத்தகத்தை எரித்தவர்களும் கோகுல்ராஜைக் கொன்றவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே அச்சம் என்கிறேன். நாவலில் காளியின் மனதுக்குள் முகமில்லாமல் வந்துபோன அந்தத் தீண்டத்தகாத ஆள், ஜூன் 23 அன்று முகத்தோடும் பெயரோடும் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தான். பேசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அதற்கே தலையை எடுத்தார்கள்.

பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் சந்நிதி அது. அங்கே ஒரு பெண் யாரோடு பேசுவது என்ற முடிவில் பாதியைக்கூட அவளுக்கு விட்டுவைக்கவில்லை.

அந்த வழக்கில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. கோயில் கேமராவில் கோகுல்ராஜோடு பதிவான பெண், நீதிமன்றத்தில் அந்தக் காட்சியைப் பார்த்து, அது நான் இல்லை என்றார். நம் தோழர்கள் பலர் அவரை முகநூலில் திட்டித் தீர்த்தார்கள். நான் அதில் சேரமாட்டேன். ஒரு பெண் தன் முகத்தையே தன்னுடையது இல்லை என்று சொல்லும் நிலைக்கு எப்படி வந்து சேர்கிறாள்? வீட்டுக்குள் என்ன பேசப்பட்டிருக்கும், யார் யார் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்? குடும்ப ரகசியம் என்பதை நாவலில் படிக்கச் சுவையாக இருக்கிறது. சாட்சிக் கூண்டில் அதன் எடை வேறு.

திருச்செங்கோடு எங்கோ வடக்கே இருக்கிறது, நம் மாவட்டத்தில் அப்படியில்லை என்று நினைக்காதீர்கள். கௌசல்யா நம் பழனிக்காரர். உடுமலை சங்கரைக் காதலித்து, 2015 ஜூலையில் பழனியிலேயே ஒரு கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவுக்கும் வெட்டு. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவர் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பொன்னாவுக்காக அவள் வீட்டார் முடிவெடுத்தார்கள். கௌசல்யா தன் முடிவைத் தானே எடுத்தார். முடிவை எடுத்ததோடு நிற்காமல், நடந்ததை நீதிமன்றத்தில் வெளிப்படையாகவும் சொன்னார். வீட்டு ரகசியம் என்று விழுங்கச் சொன்னதை அவர் விழுங்கவில்லை. அதனால்தான் அந்த வழக்கு அவ்வளவு தூரம் நடந்தது.

இந்த இடத்தில் ‘மாதொருபாகன்’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாவலை எரித்தவர்களுக்கு எதிராக அதைக் காப்பது நம் கடமை. காக்கிறோம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. நாவலை ஒரு பெண்ணின் விடுதலைக் கதை என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். எங்கே இருக்கிறது விடுதலை? கணவன் ஒத்துக்கொண்டான் என்ற பொய்யின் மேல் வாங்கிய சம்மதம் சம்மதமாகுமா? மாமியாரும் தாயும் அண்ணனும் கூடி முடிவெடுத்தார்கள். அவள் உடம்பு, அவள் இரவு, ஆனால் உண்மை மட்டும் அவளுக்கு மறைக்கப்பட்டது. 2014இல் இதன் தொடர்ச்சியாக ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்றில் காளி இறந்துபோகிறான், மற்றதில் உயிரோடிருந்து அவளை ஒதுக்குகிறான். எப்படிப் போனாலும் தண்டனை பொன்னாவுக்குத்தான். பொய் சொன்னவர்கள் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். இதை எழுத்தாளர் நேர்மையாகவே காட்டியிருக்கிறார். பார்க்க மறுப்பது மேடைப் பேச்சாளர்கள்தான்.

அந்தப் பேச்சாளர்களிடம் எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. 2015 ஜனவரியில் ஒரு புத்தகத்துக்காக எத்தனை கூட்டங்கள், எத்தனை கையெழுத்து இயக்கங்கள்! நல்லது. நானும் போனேன். அதே ஆண்டு ஜூனில் கோகுல்ராஜுக்காகக் கூட்டம் போட்டபோது அந்த முகங்களில் பாதிகூட இல்லை. ‘எழுத்தாளன் செத்தான்’ என்ற உருவகத்துக்கு அழுதவர்கள், நிஜமாகவே செத்தவனுக்கு நேரம் ஒதுக்கவில்லை. புத்தகம் எரிந்தால் பண்பாட்டுப் பிரச்சினை, தலித் இளைஞன் செத்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கப் பழகாத வரை இவர்களுடைய முற்போக்கு அரைக்கிணறுதான்.

அடுத்தவரை மட்டும் பேசிவிட்டு முடித்தால் அது அந்தத் தம்பிக்கு நான் செய்யும் துரோகம். நம் வீட்டுக்கும் ரகசியம் உண்டு.

என் அப்பாவுக்குத் தங்கைகள் மூன்று பேர் என்று நினைத்து வளர்ந்தவன் நான். நான்கு பேர் என்பது பாட்டி செத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்க்கரிசி போட மகள்களைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள். தெருமுனையில் விளக்குக் கம்பத்தருகே ஒரு அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். யாரென்று கேட்டேன். “நீ சும்மா இரு” என்றார் பெரியப்பா. அவர் என் அத்தை. இரண்டு தெரு தள்ளி இருந்த அருந்ததியர் வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவர். நாங்கள் பறையர். வீட்டில் அம்பேத்கர் படம் மாட்டியிருந்தது. ஏப்ரல் 14க்கு அப்பா மாலை போடுவார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தையின் பேரைச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். யாரும் வெட்டவில்லை, எரிக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் பேரைச் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பாட்டிக்கு வாய்க்கரிசி போடாமலே அத்தை திரும்பிப் போனார்.

ஆதிக்க சாதியின் அரிவாளையும் எங்கள் வீட்டு மௌனத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அரிவாளுக்குப் பின்னால் நிலமும் சங்கமும் காவல் நிலையமும் நிற்கின்றன. ஆனால் அரிவாளுக்குப் பிடி போட்டுக் கொடுக்கிற அதே அகமணம் எங்கள் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது. உட்சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற வீட்டிலிருந்து கிளம்பி வந்து சாதி ஒழிப்பு முழக்கம் போட்டால் தொண்டை வலிப்பதைத் தவிர வேறு பலனில்லை. ‘சாதி ஒழிப்பு’ நூலில் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அண்ணல் எழுதியது அவர்களுக்கு மட்டுமில்லை.

என்ன செய்யலாம்?

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான நெறிமுறைகளைத் தந்தது. சாதி மறுப்பு மணம் செய்தவர்களைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம். திண்டுக்கல் மாவட்டத்தில் இவை எங்கே இருக்கின்றன, எந்த எண், எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை பேருக்குப் பாதுகாப்பு தரப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒரு மனு. பதில் வந்தாலும் ஆயுதம், வராவிட்டாலும் ஆயுதம்.

2025 ஜூலை 27 அன்று திருநெல்வேலியில் மென்பொறியாளர் கவின் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆணையம் வேறு, சட்டம் வேறு. ஆணவப் படுகொலைக்கெனத் தனிச் சட்டம் கைக்கு வந்து, அது அமலாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ‘கௌரவக் கொலை’ என்ற சொல்லை எந்தச் சுவரொட்டியிலும் போடாதீர்கள். கொன்றதில் என்ன கௌரவம்?

மூன்றாவது வேலைக்கு மனுவும் சுவரொட்டியும் தேவையில்லை. இந்த வாரம் வீட்டுக்குப் போனால் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: நம் வீட்டில் யார் பேரைச் சொல்வதில்லை? ஏன் சொல்வதில்லை? பதில் உடனே வராது. திட்டு விழலாம். விழட்டும்.

நாகல் நகர் மாடியில் கேள்வி கேட்ட தம்பி கிளம்பும்போது நாவலைக் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த கூட்டம் இம்மாதக் கடைசி ஞாயிறு, அதே மாடி. ‘பூக்குழி’யைப் படித்துவிட்டு வாருங்கள். என் அத்தையையும் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெய் பீம்.